பந்தில் கால் பட்ட கணக்கு: ஒரு கடற்கரை ஊரின் சிறுவர் கால்பந்துப் பயிற்சி

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தேங்காய்ப்பட்டணம் தாண்டி நீரோடி வரை வரிசையாக இருக்கும் மீனவ ஊர்களுக்குக் கால்பந்து புதிதல்ல. ஊருக்கு ஒரு கிளப்பாவது இருக்கும். திருவிழாவும் கிறிஸ்துமஸும் வந்தால் இரவு விளக்குப் போட்டு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) நடக்கும். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து வரை போன மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைதான். ஆனால் இங்கே யாரும் யாரையும் உட்காரவைத்துப் பந்து சொல்லிக்கொடுத்ததில்லை. அண்ணன்மார் கடற்கரையில் விளையாடுவார்கள். தம்பிமார் ஓரத்தில் நின்று, வெளியே போகிற பந்தை ஓடி எடுத்துக் கொடுப்பார்கள். ஆள் குறையும் நாளில் உள்ளே புகுவார்கள். நானும் அப்படிப் பழகியவன்தான்.

அந்த வழக்கம் இரண்டு காரணங்களால் முறிந்தது. முதலாவது கடலரிப்பு. நான் விளையாடிய மணல் இன்றைக்கு இல்லை. அலை வீட்டு வாசல் வரை வந்ததால் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், அந்தக் கல்லில் நண்டுதான் ஓட முடியும். இரண்டாவது ஊரடங்கு. 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அண்ணன்மார் பின்னால் சுற்ற வேண்டிய வயதில் ஒரு செட் பிள்ளைகள் வீட்டுக்குள் செல்போனோடு இருந்துவிட்டார்கள்.

இங்கே ஆண்களில் பெரும்பாலோர் ஆழ்கடல் படகில் போகிறவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போதுதான் ஊர் அப்பாக்களால் நிறைந்திருக்கும். 2022 தடைக்காலத்தில் வீட்டில் இருந்த சிலர் பிள்ளைகள் பந்து விளையாடும் லட்சணத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். பணம் பிரித்தார்கள், பந்து வாங்கினார்கள், என்னைக் கூப்பிட்டார்கள். நான் பத்து வருடம் ஊர் கிளப்புக்கு ஆடியவன், இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் அப்போது என் கையில் இல்லை.

முதல் நான்கு மாதம்

8 முதல் 12 வயது வரை 24 பிள்ளைகள் சேர்ந்தார்கள், அதில் பெண்பிள்ளைகள் 6 பேர். இடம், ஊர்ப் பள்ளியின் செம்மண் மைதானம். திங்கள் முதல் சனி வரை மாலை 5 மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிப்போம். பந்து ஆறு, எல்லாம் பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர். கடைக்குப் போனவர்களுக்கு அந்த ஒரு நம்பர்தான் தெரியும்.

நான் பார்த்த பயிற்சி என்பது டி.வி.யிலும், கல்லூரி நாட்களில் ஒரு முகாமிலும் பார்த்ததுதான். அதையே செய்தேன். முதலில் மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு. பிறகு கைகால் உதறல். பிறகு ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு பேர், முன்னால் நிற்பவன் பந்தை உருட்டிக்கொண்டு போய் மிதப்பைச் சுற்றித் திரும்பி அடுத்தவனுக்குப் பாஸ் கொடுப்பான். (கோன் வாங்கக் காசில்லை. பழைய வலையிலிருந்து கழற்றிய மிதப்புகளைத்தான் மைதானத்தில் வைத்தோம். இன்றும் அவைதான்.) பிறகு ஒருவர் பின் ஒருவராக கோல் அடித்தல். கடைசி 20 நிமிடம் 12-க்கு 12 மேட்ச்.

பார்க்க அழகாக இருந்தது. பள்ளிக்கூட அசெம்பிளி போல வரிசை நேராக நின்றது. வேலியோரம் நின்ற அப்பாக்களுக்குத் திருப்தி. ஆகஸ்டில் அவர்கள் கடலுக்குப் போன பிறகும் வருகை குறையவில்லை. என்னிடம் உள்ள வருகைப் பதிவேட்டின்படி, மழை நாட்களைக் கழித்தால், செப்டம்பர் முடிய 81 நாள் பயிற்சி நடந்திருக்கிறது.

81 நாளுக்குப் பிறகும் மேட்ச் தொடங்கினால் பழைய கதைதான். பந்து எங்கேயோ அங்கே 15 பேர், கூட்டத்திலிருந்து யாரோ ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைப்பான், கூட்டம் அந்தப் பக்கம் ஓடும். மிதப்பைச் சுற்றி அழகாக உருட்டியவன், எதிரில் ஆள் வந்ததும் பந்தைக் கழித்துவிட்டால் போதும் என்று உதறிவிடுவான்.

நோட்டில் எழுதியது

அக்டோபர் முதல் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து உடம்பு சரியில்லாமல் இருந்தது. கிளப் பையன் ஒருவனிடம் விசிலைக் கொடுத்துவிட்டு, மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல், ஒன்பது வயதுப் பையன் ஒருவனை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டு, அவன் கால் பந்தில் படும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டேன்.

90 நிமிடத்தில் 41 கோடு. அதில் கடைசி 20 நிமிட மேட்சில் வெறும் 9. மறுநாள் ஸ்டாப்வாட்ச் எடுத்துப்போய் அதே பையன் வரிசையில் சும்மா நிற்கும் நேரத்தை அளந்தேன். 52 நிமிடம். அந்த 52 நிமிடத்தில் அவன் செய்தது: முன்னால் நின்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான், செருப்பு இல்லாத காலால் மண்ணில் படகு வரைந்தான், படகுக்குக் கொடி வைத்தான், பிறகு அதை அழித்துவிட்டுப் பெரிய படகு வரைந்தான். படகு நாளுக்கு நாள் நன்றாக வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் பயிற்சி கிடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த பத்து நாளில் எட்டுப் பிள்ளைகளை இப்படி எண்ணினேன். திறமையான பையன் ஒருவன் மேட்சில் 31 தடவை தொட்டான். ஒரு பெண்பிள்ளை 20 நிமிடத்தில் இரண்டே தடவை, அதுவும் பந்து தானாக வந்து காலில் பட்டது. நன்றாக ஆடுகிறவனுக்கு மேலும் பந்து, ஆடத் தெரியாதவளுக்கு மேலும் காத்திருப்பு என்று இந்தப் பயிற்சி தினமும் இடைவெளியைக் கூட்டியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருவருக்கும் 81 நாள்தான்.

இன்னொன்றும் புரிந்தது. நான் சிறுவனாக மணலில் ஆடியபோது வரிசையே கிடையாது. மூன்று பேர் வந்தால் மூன்று பேர், ஏழு பேர் வந்தால் ஏழு பேர். இரண்டு செருப்பு வைத்தால் கோல். பந்து எப்போதும் யாரிடமிருந்தோ பறிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மிதப்பு நம் காலிலிருந்து பந்தைப் பறிக்க வராது. அதனால் மிதப்பைச் சுற்றப் பழகியவனுக்கு, ஆள் வருவதைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்யும் பழக்கம் வரவில்லை. கடல் எடுத்துக்கொண்டது மணலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபரில் எடுத்த முடிவுகள்

முதல் வேலை பந்து. 5-ஆம் நம்பர் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். ஒன்பது வயதுக் காலுக்கு, அதுவும் வெறுங்காலுக்கு, அது கனம். மழையில் நனைந்தால் இன்னும் கனம். இந்த வயதுக்கு 4-ஆம் நம்பர் போதும், எட்டு வயதுக்காரருக்கு 3-ஆம் நம்பர்கூடச் சரி. மார்த்தாண்டத்தில் விலை குறைந்த ரப்பர் பந்துகளாகப் பார்த்து, 4-ஆம் நம்பரில் 20, 3-ஆம் நம்பரில் 4 வாங்கினோம். பெயர் பெற்ற கம்பெனிப் பந்து நான்கு வாங்கும் காசில் இது முடிந்தது. தரமான பந்து நாலு இருப்பதைவிட ஆளுக்கு ஒரு சாதாப் பந்து இருப்பது மேல் என்பது என் கணக்கு, அதில் இன்றும் மாற்றமில்லை. பந்துகளைப் போட்டுத் தூக்க ஒரு பாட்டி பழைய வலையில் பை முடைந்து கொடுத்தார்.

இரண்டாவது, வரிசையை அடியோடு எடுத்துவிட்டோம். முதல் 15 நிமிடம் ஆளுக்கு ஒரு பந்து, 20 மீட்டர் சதுரத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். இடிக்காமல் போகவேண்டும் என்றால் தலை நிமிர்ந்தே ஆக வேண்டும். பிறகு ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர். மீதி நேரம் முழுக்க 4-க்கு 4, பக்கத்துப் பக்கத்தில் மூன்று சிறிய ஆடுகளங்கள். கோலி கிடையாது. தோற்ற அணி வெளியே உட்காராது, அடுத்த களத்துக்கு நகரும். பயிற்சி நேரத்தையும் 90 நிமிடத்திலிருந்து 60 ஆகக் குறைத்தோம்.

மூன்றாவது, தலையால் பந்தை முட்டும் பயிற்சியை நிறுத்தினோம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு முன்பே 10 வயது வரை தடை. ஊரில் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். எங்கள் ஊர் டிஃபென்ஸ் தலையாட்டத்துக்குப் பேர்போனது.

நான்காவது முடிவு என் வாயைப் பற்றியது. கிளப் பையனிடம் என்னை எண்ணச் சொன்னேன். ஒரு மேட்சில் 'பாஸ் பண்ணு' என்று 46 தடவை கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் பந்து வந்ததும் ஆடுகளத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்ததற்குக் காரணம் அதுதான். அன்றிலிருந்து 4-க்கு 4 நடக்கும்போது விசில் என் கையில் இல்லை. அது அடுத்த சில வாரம் எனக்குப் பெரிய அவஸ்தையாக இருந்தது.

ஐந்தாவதாக, தினமும் வீட்டுச் சுவரில் பத்து நிமிடம் இடது காலால் பந்தடிக்க வேண்டும் என்று சொல்லி, டிக் போட ஒரு அட்டையும் கொடுத்தேன். இரண்டாவது வாரத்திலேயே ஒரு பையனின் அட்டையில் மாதக் கடைசி வரை டிக் விழுந்திருந்தது. அட்டையை ஒழித்தேன். சுவர் அடியை ஒழிக்கவில்லை. அதில் சிலர் தாமாகவே பைத்தியமாகிவிட்டார்கள், பக்கத்து வீட்டு அக்காமார் என்னிடம் சண்டைக்கு வரும் அளவுக்கு.

மாற்றிய இரண்டாவது வாரம் அந்த ஒன்பது வயதுப் பையனை மறுபடி எண்ணினேன். ஆளுக்கொரு பந்து நேரத்தில் எண்ணிக்கை தானாகவே நூற்றுக்கணக்கில் போகும், அதைப் பெருமையாகச் சொல்வதில் அர்த்தமில்லை. மேட்சை மட்டும் ஒப்பிட்டேன். 12-க்கு 12-இல் 20 நிமிடத்துக்கு 9. 4-க்கு 4-இல் அதே 20 நிமிடத்துக்கு 48.

டிசம்பர்: முதல் போட்டி

கிறிஸ்துமஸ் ஒட்டிப் பக்கத்து ஊரில் 12 வயதுக்குட்பட்டோர் செவன்ஸ். போகவேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தேன். முதல் ஆட்டத்திலேயே 1-5.

எதிரணி எளிதான வழி வைத்திருந்தது. பின்னால் நின்ற திடகாத்திரமான பையன் ஓங்கி அடிப்பான், முன்னால் ஓடும் இரண்டு உயரமான பையன்கள் கோலாக்குவார்கள். எங்கள் பிள்ளைகள் கோல் ஏரியாவுக்குள்ளேயே ஆளைத் தாண்டப் பார்த்துப் பந்தைப் பறிகொடுத்தார்கள். ஐந்தில் மூன்று கோல் அப்படி வந்தது. கோலியாக நின்ற பிள்ளைக்கு நான் அந்த வேலையைப் பழக்கவே இல்லை, ஏனென்றால் எங்கள் 4-க்கு 4-இல் கோலி கிடையாது. அது முழுக்க என் தவறு.

அப்பாக்கள் கடலில். அம்மாமார் கேட்டார்கள். ஒரு அம்மா சொன்னது நினைவில் இருக்கிறது: "சாரே, முன்ன வரிசையா நின்னு ஒழுங்கா படிச்சிட்டு இருந்தானுவ. இப்போ வெறும் கும்மாளம்லா." அந்த வாரம் இரண்டு பையன்கள் வேறு கிளப்புக்குப் போனார்கள். போனவர்களில் ஒருவன் எங்களில் திறமையானவன்.

தோல்வியைவிட என்னை உறுத்தியது வேறு. அன்று இரவு அணிப் பட்டியலை எடுத்துப் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். வயது வரம்பு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. நான் தேர்ந்தெடுத்த ஏழு பேரில் ஐந்து பேர் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள். நவம்பரில் பிறந்தவனைவிடப் பத்து மாதம் மூத்தவனை நான் 'திறமைசாலி' என்று எடுத்திருக்கிறேன். இது உலகம் முழுக்கச் சிறுவர் அணிகளில் காணப்படும் சாய்வு என்று பிறகு படித்தேன், ஆனால் என் கையெழுத்திலேயே அதைப் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. அதன் பிறகு 'முதல் அணி' என்று ஒன்று இல்லை. போட்டிக்குப் போனால் வயதும் உயரமும் கலந்த இரண்டு அணி, எல்லோருக்கும் பாதி நேரமாவது ஆட்டம்.

ஜனவரியிலிருந்து வாரத்தில் ஒருநாள் மட்டும் கோலியோடு 6-க்கு 6. கோலி வேலை சுழற்சி முறையில், ஆளுக்கு ஒரு வாரம். பின்னால் இருக்கும்போது எப்போது தாண்டலாம், எப்போது கழித்துவிடலாம் என்பதையும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். 1-5-க்குப் பிறகும் அடிப்படையை மாற்றவில்லை. மாற்றலாமா என்று இரண்டு இரவு யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பெண்பிள்ளைகள்

ஆறு பேரில் ஜனவரியில் மிஞ்சியது மூன்று பேர். வராமல் நின்றுவிட்டவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இருட்டும் நேரம், மைதானத்தில் கழிப்பறை பூட்டியிருக்கும், இரண்டும் உடனே தெரிந்த காரணங்கள். மூன்றாவதை ஒரு பிள்ளையே சொன்னாள்: "அண்ணா, அவனுவ எனக்குப் பந்தே தர மாட்டானுவ." எண்ணிப் பார்த்தேன். 4-க்கு 4-இல் பையன்கள் 45, 50 என்று தொடும்போது அவளைப் போன்றவர்களுக்கு 11, 14. ஆடுகளத்தைச் சிறிதாக்கியதால் மட்டும் அது சரியாகவில்லை.

பள்ளியிடம் பேசிச் சாவி வாங்கினோம். சனிக்கிழமைப் பயிற்சியைக் காலை ஆறரைக்கு மாற்றினோம், வாரத்தில் இரண்டு நாள் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக 3-க்கு 3 வைத்தோம். கல்லூரியில் ஆடும் ஊர்ப் பெண் ஒருவர் அதற்கு வந்தார். ஏப்ரலுக்குள் நின்றவர்களில் இருவர் திரும்ப வந்தார்கள். 2023 ஜூனில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆனபோது அந்த ஐந்து பேரும் ஒரே செல்போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

பிப்ரவரி: குதிகால்

11 வயதுப் பையன் ஒருவன். எங்களிடம் வாரம் ஆறு நாள், பள்ளி அணியில் மூன்று நாள், ஞாயிறு பெரியவர்களோடு. பிப்ரவரி நடுவில் முன்கால் விரலில் ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தான். அதற்கு இரண்டு வாரம் முன்பே "குதிகால் கடுக்குது சார்" என்று சொல்லியிருந்தான். புது ஸ்டட் ஷூ வாங்கியிருந்ததால், ஷூ பழகினால் சரியாகும் என்று நான் சொல்லி அனுப்பிவிட்டேன்.

எலும்பு டாக்டர் பார்த்தார். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில், பின்கால் நரம்பு இழுக்கும் இடத்தில் வரும் வலி, ஆபத்தில்லை, ஆனால் ஓடிக்கொண்டே இருந்தால் ஆறாது என்றார். (ஊரில் நரம்பு என்போம், அது தசைநார்.) 8 முதல் 14 வயதுக்குள், வேகமாக உயரும் சமயத்தில் இது சாதாரணமாக வருவது. மாசி வெயிலில் செம்மண் கல்லாக இறுகியிருந்தது, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ, வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. மூன்றும் சேர்ந்த பலன். ஆறு வாரம் அவன் ஓடவில்லை. அந்த நாட்களிலும் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்து, என் நோட்டில் மற்றவர்களுக்குக் கோடு போட்டான்.

'தினமும்' என்ற சொல்லில் எனக்கிருந்த மோகம் அன்றைக்குத் தெளிந்தது. ஆறு நாளை நான்காகக் குறைத்தோம். பள்ளி அணியிலும் ஆடுகிறவர்களுக்கு எங்களிடம் இரண்டு நாள்தான். கல்லுக்கும் அலைக்கும் நடுவே, கடல் உள்வாங்கும் வேலியிறக்க நேரத்தில் கொஞ்சம் மணல் தெரியும் இடத்தில் வாரம் ஒருமுறை வெறுங்காலோடு ஆட்டம். வலி என்று யார் சொன்னாலும் அன்று தேதி போட்டு எழுதுவது, நொண்டினால் அன்றைக்கு ஆட்டமில்லை. மைதான ஓட்டம் மூன்று ரவுண்டுக்குப் பதிலாக ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து மெதுவாக இறங்குதல், விழப் பழகுதல். சிறுவர்களுக்கென்று ஃபிஃபா வகுத்த 11 பிளஸ் கிட்ஸ் என்ற வார்ம்-அப் முறையிலிருந்து எடுத்தது. விழப் பழகுவதுதான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது, சட்டை துவைக்கிறவர்களுக்கு அல்ல.

நாளைக் குறைத்ததால் ஆட்டம் குறைந்ததாக நோட்டில் தெரியவில்லை.

2023 தடைக்காலம்

ஜூனில் அப்பாக்கள் திரும்பினார்கள். ஒருவர் மூன்று நாள் வேலியோரம் நின்று பார்த்தார். நான்காம் நாள் உள்ளே வந்தார்.

"சாரே, இது என்ன பயிற்சி? நீங்க ஓரமா நிக்கிய, பிள்ளைய அதுபாட்டுக்கு விளையாடிட்டுல்லா இருக்கு."

விளக்கம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நோட்டையும் பேனாவையும் கொடுத்து, உங்கள் மகன் பந்தைத் தொடுவதை மட்டும் எண்ணுங்கள் என்றேன். வாங்கிக்கொண்டு போனார். 20 நிமிடம் கழித்து நோட்டைத் திருப்பித் தந்தார். அதில் 17 கோடு மட்டும் இருந்தது. குறைகிறதே என்று கேட்டேன்.

"நான் அவன் பந்தைக் களைஞ்சத எண்ணினேன்."

களைவது என்றால் எங்கள் பக்கம் தொலைப்பது. எட்டு மாதமாக நான் கால் பட்டதை எண்ணினேனே தவிர, பட்டதில் எத்தனை வீணானது என்று ஒரு நாளும் எண்ணவில்லை. கடலில் வலை போட்ட தடவையை யாரும் கணக்கு வைப்பதில்லை, அவர் பார்வை இயல்பாகவே அங்கே போனது. அவருக்கு என் முறை இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் அந்த நோட்டில் இப்போது இரண்டு பத்தி இருக்கிறது: தொட்டது, பறிகொடுத்தது. பறிகொடுத்ததில் எங்கே பறிகொடுத்தான் என்பதற்கு ஒரு சிறு குறியும் உண்டு. எதிரணி கோல் பக்கத்தில் தாண்டப் பார்த்துப் பறிகொடுத்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

2023 ஆகஸ்டில் நிலவரம்

அக்டோபரில் நான்கு பிள்ளைகளைக் கிளப் பையன் செல்போனில் எடுத்த வீடியோ இருந்தது. ஜூலையில் அதே நான்கு பேரை மறுபடி எடுத்தோம். பந்து காலுக்கு வந்த முதல் பத்துத் தடவையை மட்டும் பார்த்தேன். அக்டோபரில் பத்துக்கு எட்டு தடவை வந்த வேகத்திலேயே எங்கோ உதைத்த பையன், ஜூலையில் நான்கு தடவை மட்டும் அப்படிச் செய்தான். மற்ற ஆறில் நிறுத்தினான், திரும்பினான், அல்லது ஆளைப் பார்த்துக் கொடுத்தான். இன்னும் இருவரிடம் ஏறக்குறைய அதே மாற்றம். நான்காவது பையனிடம் எந்த மாற்றமும் இல்லை, அக்டோபரிலும் பத்துக்கு எட்டு, ஜூலையிலும் எட்டு. அவன் ஒரு நாள்கூட லீவு போடாதவன், மைதானத்தில் அதிகம் சிரிக்கிறவனும் அவன்தான். மற்ற மூவரின் மாற்றத்துக்குப் பிள்ளைகள் வளர்ந்ததுதான் காரணமா, பயிற்சி மாறியதுதான் காரணமா என்று யாராவது கேட்டால், பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு என்னிடம் கிடையாது.

ஜூலைக் கடைசியில் மழைக்கு நடுவே நடந்த போட்டிக்கு இரண்டு அணி போனது. ஒன்று முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. மற்றது ஒரு ஆட்டம் ஜெயித்து, அடுத்ததில் 2-3. முதல் 24 பேரில் 19 பேர் தொடர்கிறார்கள், புதிதாக 9 பேர்.

இன்னொரு முறை செய்தால்

முதல் வாரத்திலேயே நோட்டு எடுப்பேன். நான்கு மாதத்தை வீணாக்கியது வரிசை அல்ல, வரிசை நேராக நிற்பதைப் பார்த்து நான் திருப்திப்பட்டது. பந்து வாங்கும்போது நம்பர் சொல்லி அனுப்புவேன். கோலியை மூன்று மாதம் மறந்திருக்க மாட்டேன், முறையை மாற்றிய இரண்டாம் மாதமே போட்டிக்குக் கூட்டிப்போயிருக்கவும் மாட்டேன். பெண்பிள்ளைகள் சேரும் அன்றே கழிப்பறைச் சாவி என் பையில் இருக்கும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்தபட்சம். தனியாளாக 24 பேரைப் பார்த்ததால்தான் குதிகால் வலியை ஷூ என்று சொல்லித் தள்ளினேன்.

தீராத விஷயங்களும் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் மைதானம் பெரியவர்களுடையது, அவர்கள் ஐந்தே முக்காலுக்கே வந்து ஓரத்தில் பந்தைத் தட்ட ஆரம்பிக்கிறார்கள். சிறுவர்களில் மூன்று பேர் பயிற்சி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் கோலுக்குப் பின்னால் நின்று, வெளியே வரும் பந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களை வீட்டுக்கு விரட்டுவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. 24 ரப்பர் பந்தில் மிச்சம் 15. மூன்று அலையோடு போயின, இரண்டு முள்வேலியில், மற்ற நான்கும் எந்தெந்த வீட்டுச் சுவரில் அடிபட்டுக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.